என்னைப் படுக்க வைக்காதே, தாயே

2009ஆம் ஆண்டு வைகாசி. எங்கள் கண்ணகி அம்மன் கோயிலில் கதவு திறந்த மூன்றாம் நாள், புதன்கிழமை. காலை ஆறு மணிக்கு என் மூச்சை எண்ணினேன். நிமிடத்துக்கு இருபத்திரண்டு. ஏழரைக்கு இருபத்தாறு. எட்டேகாலுக்கு முப்பத்தொன்று. கழுத்து இரண்டு பக்கமும் பலகை போல் இறுகிக் கிடந்தது. நாக்கு மேலண்ணத்தில் முட்டிக்கொண்டு நின்றது. எச்சிலை விழுங்க முடியாமல், மடியில் ஒரு துவாயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாகப் போகிறேன் என்று தெரிந்தது. அதைச் சொல்லக்கூட வாய் திறக்கவில்லை.

இதை வாசிக்கும் அடியார்கள் பலருக்கு என்னைத் தெரியும். ஆரையம்பதிக்குத் தெற்கே, வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். சடங்குக் காலத்தில் அம்மாளின் மடைக்கு, அதாவது படையலுக்கு, வரும் வெற்றிலை, பாக்கு, பழம், இளநீர் எல்லாவற்றையும் எண்ணி வைக்கிற கிழவன் நான்தான். அதற்கு முன் குளத்து நீரை அளந்து பதிகிற வேலை. முப்பத்திரண்டு வருடம் காலையும் மாலையும் அளவுகோலைப் பார்த்து எழுதினேன். ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் போகவில்லை. படி ஏறினால் படியை எண்ணுவேன். பஸ்ஸில் போனால் மின்கம்பங்களை எண்ணுவேன். எண்ணாவிட்டால் நெஞ்சு படபடக்கும். என் மகள் சுகந்திக்கு இதனால் தீராத எரிச்சல்.

ஆனால் ஒன்றை நான் யாருக்கும் சொன்னதில்லை. அந்த வைகாசிக்கு முந்திய நாலரை வருடம் நான் கோயிலில் எண்ணினேனே தவிர, கும்பிடவில்லை.

காரணம் சுனாமி. அன்று நாங்கள் கடற்கரைப் பக்கத்து வீட்டில் இருந்தோம். தண்ணீர் வந்தபோது என் மனைவியின் கையை மணிக்கட்டில் பிடித்திருந்தேன். இரண்டு பேருமாக அடித்துச் செல்லப்பட்டோம். அம்மாளே, இவளை விட்டுவிடாதே என்று கேட்டேன். ஒரு முறை இல்லை, ஏழு முறை கேட்டேன். எட்டாம் முறை கேட்க வாய் எடுத்தபோது மிதந்து வந்த மரக்குற்றி ஒன்று என் இடது தாடையில் அடித்தது. கை விட்டுப்போயிற்று. மூன்றாம் நாள் அவளை வாவிக் கரையில் கண்டெடுத்தார்கள்.

அதன் பிறகு நான் அம்மாளிடம் எதுவும் கேட்கவில்லை. கோயிலுக்குப் போவதை நிறுத்தவும் இல்லை. நிறுத்தினால் ஊர் கேட்கும், பதில் சொல்ல வேண்டும். ஆகவே போனேன், எண்ணினேன், வந்தேன். திரை விலகும் நேரத்தில் எல்லாரும் கை கூப்புவார்கள். நான் பாக்கு எண்ணுவேன்.

மரக்குற்றி அடித்த இடத்தில் ஒரு கடைவாய்ப் பல் வெடித்திருந்தது. அதை யாருக்கும் காட்டவில்லை.

அந்தப் பல் 2009இல் கதவு திறப்பதற்கு முதல்நாள், ஞாயிற்றுக்கிழமை, நோகத் தொடங்கியது. வழக்கமான நோவு இல்லை. காதுக்குள் போய் இடித்தது. கராம்பை வைத்துக் கடித்தேன். உப்புத் தண்ணீரால் பன்னிரண்டு தடவை கொப்பளித்தேன். திங்கள் காலை நகரத்துக்குப் போய்ப் பல்லைக் காட்டியிருக்கலாம். ஆனால் திங்கள்தான் காப்புக் கட்டு.

வெளியூர் அடியார்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கோயிலில் கதவு வருடத்துக்கு ஒரு முறைதான் திறக்கும். திறந்த நாளிலிருந்து கடைசிச் சடங்கான குளிர்த்தி முடியும் வரை, மடை வேலை செய்கிறவர்கள் வலது கையில் காப்பு நூல் கட்டுவோம். கட்டினால் ஊர் எல்லை தாண்டக்கூடாது. பிள்ளை பிறந்த வீடும் செத்த வீடும் துடக்கு, தீட்டு, அங்கே கால் வைக்கக்கூடாது. ஆஸ்பத்திரியில் இரண்டுமே தினமும் நடக்கின்றன. ஆகவே காப்போடு ஆஸ்பத்திரிக்குப் போனவன் அந்த வருடம் மடையைத் தொட முடியாது. எண்ணும் வேலையும் போய்விட்டால் எனக்குக் கோயிலில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். பல் நோவை மறைத்துக்கொண்டு கையை நீட்டிக் காப்பைக் கட்டிக்கொண்டேன்.

கதவு திறந்த அதே நாள்தான் வானொலியில் சண்டை முடிந்துவிட்டது என்று சொன்னார்கள். கோயிலில் யாரும் அதைப் பற்றிப் பறையவில்லை. சண்டை நடந்த வன்னியில் பிள்ளைகள் இருந்த குடும்பங்கள் வந்து அம்மாளின் முன்னால் நின்றன. அவர்கள் முகங்களை நான் பார்க்கவில்லை. வெற்றிலையை எண்ணிக்கொண்டிருந்தேன், இரண்டு தடவை பிழைத்தது.

செவ்வாய்க்கிழமை தாடைக்குக் கீழே வீங்கியது. எங்கள் கோயில் கட்டாடியார், அதாவது பூசை செய்கிறவர், என் வயதுக்காரர், எனக்கு மச்சான் முறை. வந்து பார்த்தார்.

"மச்சான், இது கூகைக்கட்டு," என்றார்.

"கூகைக்கட்டு சின்னப் புள்ளைகளுக்கெல்லுவா வாறது?" என்று சுகந்தி கேட்டாள். "இவருக்கு அறுபத்தி நாலு."

"அம்மாள் வயசு பாத்தா வாறா? சடங்கு தொடங்கின கையோட வந்திரிக்கா. வேப்பிலை வையி. பத்துப் போடு. குளிர்த்தியோட இறங்கிரும்." பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "அதுமட்டும் உன்ர வாய் மூடிக் கிடக்கிறது ஊருக்கே நல்லம்."

எங்கள் பக்கத்தில் பொன்னுக்கு வீங்கியைத்தான் கூகைக்கட்டு என்போம்; அதையும் அம்மை போன்ற அம்மாள் வருத்தங்களோடு சேர்த்துப் பார்ப்பார்கள். அம்மாள் வருத்தம் வந்தவன் வீட்டை விட்டு வெளியே போகத் தேவையில்லை. போகவும் கூடாது. காப்பும் கையில் இருக்கும். மடைக்கு வேண்டியதை வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள், எண்ணிக் கொடுக்கலாம்.

அது கூகைக்கட்டு இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே தலையாட்டினேன். அடியார்களே, அந்தப் பிழை கட்டாடியாருடையது இல்லை. அவர் கண்டதைச் சொன்னார். நான் அறிந்ததை மறைத்தேன்.

புதன் காலைக்கு வருகிறேன்.

எட்டேகாலுக்கு முப்பத்தொன்று என்று எழுதி வைத்தேன். எழுதுவதற்காகக் கொஞ்சம் முன்னால் குனிந்தபோது மூச்சு சற்று இலேசானது. பின்னால் சாய்ந்தபோது அடைத்தது. சுகந்தி என்னைப் பாயில் சரிக்கப் பார்த்தாள். தோள் பாதி தாழ்வதற்குள் காற்று முழுவதும் நின்றுபோயிற்று. அவள் கையைத் தட்டிவிட்டு எழும்பி உட்கார்ந்தேன். தொண்டையில் வரட்டுச் சீழ்க்கை போல ஒரு சத்தம். அது என் மூச்சுதான் என்று விளங்க ஒரு கணம் பிடித்தது.

சுகந்தி என் வாய்க்குள் பார்த்தாள். பிறகு வேப்பிலையை எடுத்து முற்றத்தில் போட்டாள்.

"இது அம்மாள் இல்ல அப்பா. அம்மாள் மூச்ச முட்டுவாவா?"

நான் வலது கையைத் தூக்கிக் காப்பைக் காட்டினேன்.

"தெரியும். கட்டாடியாருக்கு நான் சொல்றன். ஊருக்கும் நான் சொல்றன்." சட்டையை எடுத்து என் தோளில் போட்டாள். "அம்மாவத் தண்ணிக்குக் குடுத்திட்டன். உங்கள இந்தக் காப்புக்குக் குடுக்க என்னால ஏலா."

அவள் புருசன் யோகன் ஓட்டோ ஓடுகிறவர். அதில் ஏறினோம். ஓட்டோவில் படுக்க இடம் இல்லை, உட்காரத்தான் முடியும். அது அன்று எனக்குக் கிடைத்த முதல் நன்மை என்று பிறகுதான் அறிந்தேன்.

வழியில் ஐந்து சோதனைச் சாவடிகள். சண்டையில் வென்றதற்காக அன்று அரசாங்க விடுமுறை. மூன்றாவது சாவடியில் இராணுவத்தினர் மேசை போட்டு, வருகிற வாகனங்களுக்கெல்லாம் பாற்சோறு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சிப்பாய் வாழையிலைத் துண்டில் எனக்கும் நீட்டினான்.

"சாப்பிடு ஐயா. சந்தோசம்."

என் சொந்த எச்சிலையே விழுங்க முடியாமல் துவாயில் வடியவிட்டுக்கொண்டிருந்தேன். யோகன் சிங்களத்தில் ஏதோ சொன்னார். சிப்பாய் குனிந்து என் கழுத்தைப் பார்த்தான். பாற்சோற்றை மேசையில் வைத்துவிட்டு, முன்னால் நின்ற இரண்டு வாகனங்களை ஒதுக்கச் சொல்லிக் கை காட்டினான். அடுத்த சாவடிக்கும் தொலைபேசியில் சொல்லியிருக்க வேண்டும், அங்கே எங்களை நிறுத்தவில்லை. அந்த நாளில், அந்தப் பாற்சோற்றை நீட்டிய கையே எனக்கு வழிவிட்டது. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நடந்தபடி எழுதுகிறேன்.

நகரத்து ஆஸ்பத்திரிக்குள் போனபோது ஒன்பதரை. முப்பத்தாறு.

விடுமுறையால் ஆட்கள் குறைவு. இருந்தவர்கள் ஓடி வந்தார்கள், குறை சொல்ல ஒன்றும் இல்லை. தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். ஏற்றினால் படுக்கத்தானே வேண்டும். ஒருவர் காலைத் தூக்கினார், மற்றவர் தோளை அழுத்தினார்.

"படுங்க ஐயா, படுங்க. டொக்டர் வாறார்."

தோள் தாழ்ந்தது. காற்று நின்றது. உதறினேன். பயத்தில் உதறுகிறேன் என்று நினைத்து இன்னும் அழுத்தினார்கள். வாய் மூடி, நாக்கு அடைத்து, சொல்ல ஒரு சொல் இல்லை. மேலே விசிறி சுற்றியது. அதன் இறக்கை மூன்று.

அப்போதுதான் கேட்டேன். நாலரை வருடத்துக்குப் பிறகு கேட்டேன். உயிரைத் தா என்று கேட்கவில்லை, அவ்வளவு பெரிதாகக் கேட்க எனக்கு முகம் இல்லை. என்னைப் படுக்க வைக்காதே, தாயே. இது மட்டும்தான். நெஞ்சுக்குள்ளே சொன்னேன். ஒரு முறைதான் சொன்னேன். இரண்டாம் முறைக்கு மூச்சு இல்லை.

வாசலிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"அவரப் படுக்க வைக்காதீங்க. எழுப்புங்க. இப்பயே எழுப்புங்க."

அடியார்களே, நான் கேட்ட சொல்லும் அவர் சொன்ன சொல்லும் ஒன்று. நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. என்னைத் தூக்கி உட்கார வைத்தார்கள். காலைக் கீழே தொங்கவிட்டு முன்னால் சாய்ந்தேன். ஒரு நூல் அளவு காற்று உள்ளே போயிற்று.

தலையில் முக்காடு, தோளில் கைப்பை, கையில் ஒரு சாப்பாட்டுப் பெட்டி. வீட்டுக்குப் போகப் புறப்பட்ட கோலம். அவர் மயக்க மருந்து டொக்டர். கைப்பையைத் தரையிலேயே வைத்துவிட்டு என் முன்னால் குனிந்தார்.

"ஐயா, மூச்சுக்கு எப்படி வசதியோ அப்படியே இரிங்க. இனி ஒருத்தரும் உங்களப் படுக்க வைக்கமாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு."

மூக்கில் ஒட்சிசன் வைத்தார்கள். ஊசி குத்தக் காப்பை வெட்ட வேண்டும் என்று தாதி மிஸ்ஸி ஒருவர் கத்தரிக்கோலை எடுத்தார். நான் கையை இழுத்தேன். டொக்டர் காப்பைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "அது இரிக்கட்டும். மத்தக் கையில போடுங்க."

பிறகு கேட்டார். "இதுக்கு முதல் பல்லு ஏதும் நொந்ததா?"

சுகந்தி இல்லை என்று தலையாட்டினாள். நான் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து எழுதினேன்: ஞாயிறு. இடது கீழ், கடைசிக்கு முதல் பல்.

மகள் என் தோளுக்கு மேலால் வாசித்தாள்.

"ஞாயிறா? அப்ப கூகைக்கட்டு இல்லண்டு உங்களுக்குத் தெரியும்."

தலையாட்டினேன். என் நாடியில் வடிந்ததைத் துவாயால் துடைத்தாள். அடித்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

டொக்டர் அந்தத் தாளை வாங்கி மறுபக்கம் திருப்பினார். அங்கே காலை ஆறு மணியிலிருந்து என் மூச்சுக் கணக்கு.

"இத எழுதினது யாரு?"

"அவர்தான்," என்றாள் சுகந்தி. "எதையும் எண்ணுவார்."

சத்திரசிகிச்சை டொக்டர் ஒருவர் வந்து சேர்ந்திருந்தார். வேறு ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார். அங்கே மூக்கு வழியாக உள்ளே பார்த்துக்கொண்டே குழாய் விடுகிற கருவி இருக்கிறதாம். மயக்க மருந்து டொக்டர் தாளை அவரிடம் நீட்டினார்.

"மூண்டரை மணித்தியாலத்துல இருபத்திரெண்டு முப்பத்தாறாயிரிக்கி. பாருங்க. ரோட்டுல போயிருவார், சேர்."

அவர் தாளைப் பார்த்தார். "தியேட்டரைத் தயார்படுத்துங்க," என்றார்.

சுகந்திக்கும் யோகனுக்கும் அந்த டொக்டர் அம்மா விளங்கப்படுத்தியதை நானும் கேட்டேன். எதையும் மறைக்கவில்லை.

"பல்லடியில புடிச்ச கிருமி நாக்குக்குக் கீழ இறங்கிக் கழுத்துக்குள்ள பரவியிரிக்கி. நாக்கு மேல எழும்பிட்டு. வாயால குழாய் போட வழி தெரியாது. நித்திரையாக்கினா தொண்டைச் சதை தளரும். இப்ப இரிக்கிற இந்தச் சின்ன வழியும் மூடிரும். மூடினா எங்களாலயும் திறக்க ஏலா. முழிப்போட வெச்சித்தான் கழுத்துல துவாரம் போடணும். விறைக்க ஊசி போடுவம். எண்டாலும் கொஞ்சம் நோகும்."

"முழிப்போடயா?" என்றாள் சுகந்தி. "எறும்பு கடிச்சாலும் எத்தின தரம் கடிச்சதெண்டு எண்ணிச் சொல்ற மனிசன், டொக்டர்."

"நல்லதுதானே. எண்ணட்டும்."

தியேட்டரில் என்னைப் படுக்க வைக்கவில்லை. மேசையின் தலைப்பக்கத்தை நாற்காலி போல் நிமிர்த்தி, அதில் சாய்த்து உட்கார வைத்தார்கள். வீக்கத்தில் கழுத்தின் நடு எது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. சத்திரசிகிச்சை டொக்டர் விரலால் தடவித் தடவித் தேடி, மையால் ஒரு கோடு போட்டார். கோடு போடவே நேரம் எடுத்தார். அவர் நெற்றியில் வியர்வை. அவருக்கும் பயம் என்று கண்டேன். அது என் பயத்தைக் கூட்டியது.

அந்த அம்மா என் தலைப்பக்கத்தில் நின்று இடது கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, கண்ணத் திறந்தே வெச்சிரிங்க. மனசுக்குள்ள எண்ணுங்க. பத்து வரக்குள்ள ஒரு விரலால என்ர கைய அமத்துங்க. நீங்க அமத்துறமட்டும் எனக்கு நிம்மதி. விட்டுட்டா நான் பயந்திருவன்."

ஊசி நாலு. பிறகு கத்தி. நோவு இருந்தது. நோவு பெரிதில்லை. கழுத்தை யாரோ உள்ளிருந்து பிடித்துத் தள்ளுவதும், காற்று வராததும்தான் பெரிது. பத்து. அமத்தினேன். இருபது. அமத்தினேன். எழுபதுக்கும் எண்பதுக்கும் நடுவில் மூச்சு நின்றது. உள்ளே போகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. கண் முன்னால் வெளிச்சம் சுருங்கிற்று. தண்ணீருக்குள் இருந்தேன். என் மனைவியின் மணிக்கட்டு என் கையில் இருந்தது. அவளுக்கு இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தேன். அவளுக்குக் கிடைக்காததை நான் கேட்டேனே என்று வெட்கம் வந்தது. வெட்கத்தோடுகூட, விடக்கூடாது என்றும் இருந்தது. சாக எனக்கு மனம் இல்லை. நாலரை வருடம் நான் எனக்குச் சொல்லி வந்தது பொய். எனக்கு வாழ ஆசை இருந்தது.

"ஐயா, எண்ணுங்க. கைய விடாதீங்க. எண்ணுங்க."

எண்பது. அமத்தினேன்.

எண்பத்து நாலில் கழுத்தில் ஏதோ வெடித்தது போல் இருந்தது. இருமல் குமுறிக்கொண்டு வந்தது. இரத்தம் டொக்டரின் சட்டையில் தெறித்தது. காற்று வந்தது. வாயாலும் இல்லை, மூக்காலும் இல்லை. நாடிக்குக் கீழே, நெஞ்சுக்கு மேலே, அந்தப் புது வாசலால் வந்தது. ஒரு நூல் இல்லை, முழுக் காற்று. நெஞ்சு இரண்டு பக்கமும் நிரம்பிற்று. அவ்வளவு காற்று உலகத்தில் இருக்கிறது என்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

அந்த அம்மா என் காதருகே குனிந்தார். "இப்ப நித்திரை கொள்ளுங்க ஐயா. இனிப் படுத்தாலும் ஒண்ணுமில்ல."

அதன் பிறகு எனக்கு எண்ணிக்கை இல்லை. கழுத்தைத் திறந்து சீழை எடுத்ததும், அந்தப் பல்லைப் பிடுங்கியதும் எனக்குத் தெரியாது.

பதினோரு நாள் கழுத்துக் குழாயோடு இருந்தேன். குரல் இல்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் எழுத வேண்டும். எழுத நேரம் எடுக்கும், ஆகவே அவசியமானதைத்தான் எழுதினேன். சுகந்தி ஒரு நாள் சொன்னாள், "எண்ணத் தெரிஞ்ச மனிசனுக்குச் சொல்லத் தெரியாமப் போயிட்டு."

குளிர்த்தி முடிந்து, காப்பை அவிழ்த்துவிட்டு, மறுநாளே கட்டாடியார் வந்தார். என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கழுத்துக் குழாயை நேரே பார்க்கவில்லை.

"நீ இல்லாம வெத்திலைய மூண்டு பேர் எண்ணினானுகள்," என்றார். "மூண்டு பேருக்கும் மூண்டு கணக்கு. கடைசில அம்மாள எண்ணிக்கச் சொல்லிட்டு வெச்சிட்டம்."

நான் எழுதிக் கொடுத்தேன்: பல் என்று எனக்குத் தெரியும். காப்புக்காகப் பொய் சொன்னேன்.

அவர் அதை இரண்டு தடவை வாசித்தார்.

"நானும் உன்ர வாயத் திறந்து பாக்கல்ல மச்சான். அம்மாள்ர வேலையெண்டு சொல்லிச் சொல்லிப் பழகிப்போச்சு. சுகந்தி கோயில் வாசல்ல வந்து என்னக் கேட்டா. 'அப்பா மூச்சு விட்டா அம்மாளுக்கு என்ன குறை?' எண்டு. எல்லாருக்கும் முன்ன." துண்டால் முகத்தைத் துடைத்தார். "வாற வருசம் காப்புக் கட்டமுன்ன எல்லாரையும் வாயத் திறந்து காட்டச் சொல்லுவம்."

பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் அடுத்த வைகாசியிலிருந்து அது நடக்கிறது. காப்புக் கட்டுவதற்கு ஒரு கிழமைக்கு முன் மடைக்காரர்கள் எல்லாரும் பல் வைத்தியரிடம் போய் வர வேண்டும். காய்ச்சல், வீக்கம் எதுவானாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வந்தால் காப்போடு போகலாம், குற்றமில்லை என்று கோயில் கூட்டத்தில் தீர்மானித்து எழுதிவிட்டோம். இதுவரை நாலு பேர் அப்படிப் போய் வந்தார்கள். அதில் ஒருவருக்கு என்னுடையதைப் போலவே தாடைக்குக் கீழே இறுகத் தொடங்கியிருந்தது. முதல் நாளே போனதால் ஊசி மருந்தோடு முடிந்தது.

வீட்டுக்கு வருவதற்கு முன் அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் ஓட்டமாவடிக்காரர். எப்படி அந்த நேரத்துக்கு வாசலில் வந்து நின்றீர்கள் என்று கேட்டேன். துவாரத்தை விரலால் பொத்திக்கொண்டு, என் புதுக் குரலில், கரகரத்துக் கேட்டேன்.

"நான் வீட்ட போகத்தான் வெளிக்கிட்டன் ஐயா. கொண்டாட்டமெண்டு பஸ் ஒண்டும் வரல்ல. ஒண்டரை மணித்தியாலம் நிண்டு பாத்தன். கால் உளைஞ்சி போச்சு. திரும்பி வந்தன்."

நான் கேட்ட பிரார்த்தனையை அவரிடம் சொன்னேன். என்ன சொன்னேன், எந்த நேரத்தில் சொன்னேன் என்று சொன்னேன். அவர் சிரித்தார்.

"கழுத்துல கத்தி வைக்கிற நேரம் நானும்தான் துஆக் கேட்டன். யார்ர துஆவ ஏத்துக்கிட்டாண்டு எனக்கெப்படித் தெரியும்? நீங்க பிழைச்சிட்டீங்க, அவ்வளவுதான்."

அதற்கு மேல் நானும் வாதாடவில்லை. நான் அறிந்ததை மட்டும் சாட்சி சொல்கிறேன். கேட்டேன். கேட்ட சொல்லிலேயே பதில் வந்தது. பஸ் வராததும், ஓட்டோவில் படுக்க இடம் இல்லாததும், அந்தச் சிப்பாய் கை காட்டியதும், என் மகள் வேப்பிலையை முற்றத்தில் போட்டதும் அந்தப் பதிலுக்குள் சேர்ந்தவை. இதில் எதை அம்மாளின் கணக்கில் வைப்பது, எதை விடுவது என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

எனக்கு இப்போது வயது எழுபத்தொன்பது. கழுத்தில் சின்ன வடு. ஒரு நாளைக்கு இருபத்தோராயிரத்து அறுநூறு மூச்சு என்று பெரியோர் கணக்கு. அன்றிலிருந்து எத்தனை என்று பல தடவை பெருக்கிப் பார்த்தேன். பெருக்கும்போதெல்லாம் அவள் நினைவுதான் வருகிறது. எனக்கு இத்தனை கோடி, அவளுக்கு ஏன் அந்த ஒன்று இல்லை? இதை அம்மாளிடமே கேட்கிறேன். ஒவ்வொரு வைகாசியும் திரை விலகும்போது கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறேன். இதற்குப் பதில் வரவில்லை. வரும் என்றும் நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்கமாட்டேன். நன்றி சொல்லிவிட்டுக் கேட்கிறேன், சண்டை பிடித்தும் கேட்கிறேன். முன்பு பேசாமல் இருந்தேன். இப்போது பேசுகிறேன். என் வாழ்க்கையில் மாறியது இதுதான்.

எங்கள் கரையில் கேட்டுக் கிடைக்காதவர்கள்தான் அதிகம். கடலிடம் கொடுத்தவர்கள், சண்டையில் கொடுத்தவர்கள், இன்னும் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். கோயிலுக்கு வந்தும் கும்பிடாமல் நிற்கிறவர்களை எனக்கு அடையாளம் தெரியும், நானும் அங்கேதான் நின்றேன். உங்களுக்காகத்தான் இதை எழுதினேன். நோவை மறைக்காதீர்கள், வைத்தியரிடமும் மறைக்காதீர்கள், அம்மாளிடமும் மறைக்காதீர்கள். பெரிதாகக் கேட்க முகம் இல்லாவிட்டால் அடுத்த ஒரு மூச்சுக்காவது கேளுங்கள். ஒரு முறை கிடைக்கவில்லை என்பதற்காகக் கேட்பதை விட்டுவிடாதீர்கள்.